ஏற்றத்தில் நின்ற சைக்கிள்

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆன பிறகு, அப்பா வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் சைக்கிள்.

அதுவரை உப்பு குறைத்த சாப்பாடு, காலையில் சாலாக் செலாத்தான் எல்ஆர்டி நிலையம் வரை நடை, மாலையில் அதே வழியில் இன்னொரு நடை என்று சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் மருந்து எடுக்கப் போன இடத்தில் டாக்டரிடமே கேட்டுவிட்டார். டாக்டர் தாள்களைப் புரட்டினார். "ஓட்டலாம். ஆனால் துடிப்பு 115-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும்" என்றார். அது அப்பாவுக்குச் சொன்ன எண். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், அவருடைய டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

"அறுபத்தேழு வயசுல சைக்கிளா?" என்று அம்மா அன்று முழுவதும் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குச் சைக்கிள் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அதே ரயில்வேயில் உதவியாளராகச் சேர்ந்து, இன்ஜின் டிரைவராக ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று நண்பர்களோடு, கியர் இல்லாத ராலே சைக்கிளில், செராஸ் வழியாக உலு லங்காட் போய், கெந்திங் பெராஸ் மலையேறி, நெகிரி செம்பிலான் பக்கம் தித்தி வரை டுரியான் சாப்பிடப் போன கதையை நானும் அண்ணனும் நூறு முறையாவது கேட்டிருப்போம். ஒவ்வொரு முறையும் மலை கொஞ்சம் உயரும்.

அந்தப் பெராஸ் மேட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். அதற்குத்தான் சைக்கிள்.

சரி, மின்சைக்கிள் வாங்கிக் கொடுப்போம் என்று முடிவு செய்தது நான்தான். கணக்காய்வு என் தொழில். பொருள் வாங்குவதென்றால் விலையைத்தான் முதலில் பார்ப்பேன். இணையத்தில் தேடினேன். 250 வாட் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, மடக்கக்கூடியது, வீட்டு வாசலுக்கே வந்துவிடும், 2,800 ரிங்கிட். பக்கத்திலேயே இன்னொன்று, அதுவும் 250 வாட், அதுவும் 36 வோல்ட். விலை மட்டும் மூன்று மடங்கு. ஒரே வாட்டுக்கு யாராவது மூன்று மடங்கு கொடுப்பார்களா? மலிவானதை வாங்கினேன். மோட்டார் எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

மின்சைக்கிளில் மோட்டார் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, சக்கரத்தின் நடுவே, கம்பிகள் வந்து சேரும் குடத்துக்குள். இதுதான் ஹப் மோட்டார். மற்றது, இரண்டு பெடல்களுக்கும் நடுவே உள்ள அச்சில். இதை மிட் டிரைவ் என்கிறார்கள். முதலாவது சக்கரத்தை நேரே சுழற்றும். இரண்டாவது, நம் கால் போலவே, செயினை இழுக்கும். நான் வாங்கியது முதலாவது.

ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. மிட்வேலியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாக டத்தாரான் மெர்டேக்கா பக்கம் போகும் சைக்கிள் பாதை ஒன்று 2015-இல் திறக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா அதில் ராஜா மாதிரி போவார். பெடலைச் சும்மா சுற்றினால் போதும், மோட்டார் தள்ளிக்கொண்டு போகும். துடிப்பு 95, 98. பிரிக்பீல்ட்ஸில் பழைய நண்பர்களோடு தோசை, சீனி இல்லாத தேநீர். என்னுடையது மோட்டார் இல்லாத சாதாச் சைக்கிள் என்பதால், பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வருவது நானாக இருந்தேன்.

பிறகு செபுத்தேயில் தியான் ஹாவ் கோயில் மேட்டில் சோதித்துப் பார்த்தோம். செங்குத்தான மேடுதான், ஆனால் குட்டை. சைக்கிள் முனகியது, ஏறிவிட்டது. துடிப்பு 110. அப்பா மேலே நின்று, "பெராஸ் என்ன பெரிய பெராஸ்" என்றார்.

அந்தக் குட்டை மேடுதான் எங்களை ஏமாற்றியது.

அடுத்த மாதம் அம்பாங்கிலிருந்து உலு லங்காட்டுக்கு மலைவழியாகப் போகும் சாலைக்குப் போனோம். பாதி வழியில், கோலாலம்பூர் நகரம் முழுவதும் தெரியும் 'லுக்அவுட் பாய்ண்ட்' இருக்கிறதே, அந்தச் சாலைதான். வார இறுதிக் காலைகளில் சைக்கிள்காரர்கள் வரிசையாக ஏறுவார்கள். இது பெராஸுக்கு ஒத்திகை என்பது எங்கள் எண்ணம். முதல் சில வளைவுகள் வரை சரியாகப் போனது. பிறகு வேகம் குறைய ஆரம்பித்தது. மணிக்கு 12, பிறகு 9, பிறகு 7. கிழங்கு கருகுவது போல ஒரு வாசனை. சாலையோரம் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். திடீரென்று அப்பாவின் கைப்பிடியில் இருந்த திரையில் ஓர் எண் மின்னியது, மோட்டார் நின்றுவிட்டது.

மோட்டார் நின்ற மின்சைக்கிளை மேட்டில் மிதித்துப் பார்த்திருக்கிறீர்களா? 26 கிலோ இரும்பு. இறங்கியிருக்க வேண்டியவர் இறங்கவில்லை. ரயில்வேக்காரர், நடுவழியில் வண்டியை நிறுத்த மனம் வராது. நான்கு மிதி, ஐந்து மிதி. கைக்கடிகாரம் கத்த ஆரம்பித்தது. 131.

"அப்பா, இறங்குங்க!" என்று நான் கத்தியதில் மேலே போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்பா சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சாலையோர இரும்புத் தடுப்பில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை என் பையில் இருக்கிறதா என்று தடவினேன், இருந்தது. கை நடுங்கியது. 124, 117, 109 என்று அந்த எண் இறங்கும்வரை நான் வேறு எதையும் பார்க்கவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். 92 வந்ததும் அப்பா எழுந்து போய்ப் பின்சக்கரத்தின் நடுவே கையை வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"பாப்பா, இது இன்ஜின் மாதிரியே செய்யுது" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவருக்கோ ஏதோ ஒரு பழைய சிநேகிதனைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி. கார் நிறுத்திய இடம் வரை சைக்கிளை மெதுவாக இறக்கிக்கொண்டு வரும்போதே விளக்க ஆரம்பித்துவிட்டார்.

டீசல் இன்ஜின் என்று நாம் சொல்வது உண்மையில் டீசல்-எலக்ட்ரிக். உள்ளே டீசல் இயந்திரம் மின்சாரம் தயாரிக்கும். சக்கரத்தைச் சுழற்றுவது அச்சோடு அச்சாக மாட்டியிருக்கும் டிராக்ஷன் மோட்டார். காரில் இருப்பது போல அதற்கு மாற்றும் கியர் கிடையாது. ஒரே விகிதம். சமதரையில் வேகமாக ஓடும்போது அதற்குக் கவலையில்லை. பாரம் ஏற்றி மேட்டில் மெதுவாக ஊர்ந்தால்தான் ஆபத்து. மோட்டார் மெதுவாகச் சுற்றும். ஆனால் இழுவிசை வேண்டுமே, அதனால் மின்னோட்டத்தை வாரி இழுக்கும். இழுத்ததில் நிறைய வேலையாக மாறாமல் சூடாக மாறும். ஈப்போவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, பாடாங் ரெங்காஸுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே பழைய பாதையில் புக்கிட் பெராப்பிட் ஏற்றம் வந்தால், டிரைவர் கண் முழுவதும் அம்மீட்டரில்தான் இருக்குமாம். இந்த அளவு மின்னோட்டத்தில் இத்தனை நிமிடம்தான் ஓடலாம் என்று கணக்கு உண்டு. அதைத் தாண்டினால் மோட்டார் வெந்துவிடும்.

"குறைஞ்ச வேகம்னு ஒண்ணு இருக்கு பாப்பா. அதுக்குக் கீழ தொடர்ந்து ஓட்டக் கூடாது. கோயில் மேடு ரெண்டு நிமிஷம், சூடாகறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இது இருபது நிமிஷம். நான் அங்கேயே யோசிச்சிருக்கணும்."

அவர் அங்கேயே யோசித்திருக்க வேண்டுமாம். வாங்கிய நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பாவும் சைக்கிளும் தண்ணீரும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சுமார் 270 வாட் சக்தி வேண்டும். அப்பா சிரமமில்லாமல் கொடுக்கக்கூடியது 80 வாட். மீதி 190 வாட்டை மோட்டார் தர வேண்டும். 250 வாட் மோட்டாருக்கு இது பெரிய விஷயமே இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த 250 வாட் எந்த வேகத்தில்? 27.5 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 195 முறை சுழலும். ஹப் மோட்டார் அந்தச் சுழற்சிக்குத்தான் தயாரிக்கப்பட்டது. எங்கள் மடக்குச் சைக்கிளின் சக்கரம் இதைவிடச் சிறியது, ஆனால் விகிதம் அதேதான். மணிக்கு 9 கிலோமீட்டரில் அதே சக்கரம் சுழல்வது நிமிடத்துக்கு 70 முறை. மூன்றில் ஒரு பங்கு. நாம் எந்த கியருக்கு மாற்றினாலும் ஹப் மோட்டாருக்கு அது தெரியாது. செயின், பல்சக்கரம் எல்லாம் நம் காலுக்கு மட்டும்தான். அது சக்கரத்தோடு கட்டுண்டது. மேட்டில் மூச்சு முட்டும்போது, பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் பாதிக்கு மேல்கூடச் சூடாகிப் போகலாம்.

மிட் டிரைவ் மோட்டார் செயினை இழுப்பதால், நாம் கியரைக் குறைத்தால் அதற்கும் குறைகிறது. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று வைத்தால், பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. அதாவது, அதே 9 கிலோமீட்டரில் பெடலும் 70 முறை சுழல்கிறது. சக்கர மோட்டாருக்கு 70 என்பது திணறல். பெடல் அச்சு மோட்டாருக்கோ 70 என்பது அது மிகவும் விரும்பும் வேகம். ஒரே 70, ஒரே மேடு, ஒரே 250 வாட். விலை ஏன் மூன்று மடங்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்தச் சண்டை நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் சைக்கிளின் பின்சக்கரக் குடத்துக்குள் மோட்டார் வைத்துக் காப்புரிமை வாங்கியது 1895 டிசம்பரில். இரண்டே ஆண்டில், 1897-இல், பாஸ்டனைச் சேர்ந்த ஹோசியா லிபி பெடல் அச்சில் இரட்டை மோட்டார் வைத்து இன்னொரு காப்புரிமை வாங்கினார். அப்போதைய பேட்டரியை வைத்துக்கொண்டு இரண்டுமே ஊர் சுற்றியிருக்காது. கால் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப உதவும் சைக்கிளை யமஹா நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1993-இல். அதுவும் பெடல் அச்சில்தான்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த முறை இணையம் இல்லை. உட்கார்ந்து பேசக்கூடிய தவுக்கே இருக்கும் கடை. வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த மிட் டிரைவ் ஒன்றை 7,400 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொன்னார். "அந்தக் காசுக்கு ஒரு காப்சாய் வாங்கிடலாமே" என்று அப்பா தமிழில் முணுமுணுக்க, தவுக்கேக்குக் காப்சாய் என்ற சொல் மட்டும் புரிந்து, "காப்சாய் தாக் போலே எக்ஸர்சைஸ், அங்கிள்" என்றார்.

வாங்குமுன் ஒரு நிபந்தனை போட்டேன். அம்பாங் மேட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பணம். தவுக்கே தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்.

முதல் வேறுபாடு மேட்டுக்கு முன்பே தெரிந்தது. பழைய சைக்கிளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார். சுற்றினால் மோட்டார் ஓடும். மேடு வந்து நாம் அழுத்தி மிதித்தாலும் கூடுதலாக எதுவும் வராது. புதியதில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும் சென்சார். கால் ஒரு பங்கு கொடுத்தால் அது இரண்டு பங்கு கொடுக்கும். கால் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். சில நல்ல ஹப் சைக்கிள்களிலும் இது உண்டு, மலிவானவற்றில் பார்ப்பது அரிது. அப்பாவுக்கு இதுதான் பிடித்துப்போனது. பழையதில் தன்னைப் பொதி மாதிரி ஏற்றிக்கொண்டு போனதாம். "இதுல நான்தான் ஓட்டறேன்" என்றார்.

மற்றபடி, அன்று அவர் ஒழுங்காக ஓட்டினார் என்று சொல்ல மாட்டேன். வாழ்க்கை முழுவதும் கியர் இல்லாத ராலே ஓட்டியவர். மேடு தொடங்கியும் பெரிய கியரிலேயே அமுக்கினார். மிட் டிரைவும் அப்போது திணறத்தான் செய்யும். கியரைப் பயன்படுத்தாதவருக்கு அது வெறும் விலையுயர்ந்த மோட்டார். பிறகு அமுக்கிக்கொண்டே கியரை மாற்றினார். 'கடக்' என்று ஒரு சத்தம், தவுக்கே முகத்தைச் சுளித்தார். "மாத்தறப்போ காலை லேசா விடுங்கப்பா" என்று நான் சொல்லிக் கொடுத்தேன். இன்ஜின் டிரைவருக்கு நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்ற நினைப்பே சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வளைவுக்குள் பிடித்துக்கொண்டார். மேடு வருமுன்பே கியரைக் குறைப்பது, பெடல் 70-க்குக் கீழே போகாமல் பார்ப்பது. சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து வேகத்தைத் தயார் செய்யும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது அல்லவா.

முன்பு மோட்டார் நின்ற அதே வளைவு. 107. இரும்புத் தடுப்பைக் கடந்தபோது அப்பா அதற்கு ஒரு சலாம் வைத்தார். லுக்அவுட் பாய்ண்டில் நிறுத்தி இரட்டைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தோம். மோட்டார் கூட்டில் கை வைத்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பேட்டரியில் ஐந்து கோட்டில் ஒன்று குறைந்திருந்தது. பழையது பாதி மலைக்கே இரண்டு கோடு தின்றது.

இப்படி எழுதினால் ஹப் மோட்டார் மட்டம், மிட் டிரைவ்தான் உயர்த்தி என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் அப்படி முடியவில்லை.

அந்தப் பழைய சைக்கிளைக் கிள்ளானில் இருக்கும் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். கிள்ளான் தட்டைப் பூமி. ஜாலான் தெங்கு கிளானாவில் பூ, காய்கறி வாங்குவதற்கும், பண்டமாரானில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் அண்ணி அதில்தான் போகிறார். ஒரு நாளும் சூடானதில்லை. செயினை மோட்டார் இழுக்காததால் செயின் இன்னும் புதிது போல இருக்கிறது. ஒரு முறை செயின் கழன்று விழுந்தபோதும், கைப்பிடித் த்ராட்டிலைத் திருகிக்கொண்டே அண்ணி வீடு வந்து சேர்ந்தார். மிட் டிரைவில் செயின் போனால் மோட்டாரும் போனது மாதிரிதான். எங்களுடையதில் ஓர் ஆண்டுக்குள் செயின் ஒன்றும் பின் பல்சக்கரம் ஒன்றும் மாற்றியாகிவிட்டது. காலும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிறதே, பாவம் அது என்ன செய்யும்.

ஹப்புக்கு ஒரு தொல்லை சொல்ல வேண்டுமென்றால், பஞ்சர். மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்ற ஒயரைப் பிரித்து, பெரிய நட்டைத் திருகி, கனமான சக்கரத்தைத் தூக்க வேண்டும். மழையில் ஒரு முறை அதைச் செய்த அண்ணன் எனக்குப் போன் செய்து, நன்றி சொல்வது போலத் திட்டினார்.

இன்னொன்று. 250 வாட், 25 கிலோமீட்டர் என்பது ஐரோப்பாவில் மின்சைக்கிளுக்கு வைத்திருக்கும் வரம்பு. கடைகளில் நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். நம் சாலையில் எதை ஓட்டலாம், த்ராட்டில் இருக்கலாமா என்பதை, விற்பவர் வாயால் கேட்காமல், ஜேபிஜேயிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு கவலைப்பட்டவள்.

பெராஸுக்குப் போகும் நாளை அப்பா பஞ்சாங்கம் பார்த்து வைத்தாரா, வானிலை பார்த்து வைத்தாரா தெரியவில்லை. டாக்டரிடம் ஒரு பரிசோதனை முடித்து, அவர் சரி என்ற பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. உலு லங்காட்டில் பத்து 18-இல் காரை நிறுத்தும்போது விடிந்தும் விடியாமலும் இருந்தது. எனக்குத் தவுக்கேயிடம் ஒரு நாளைக்கு வாடகைக்கு இன்னொரு மிட் டிரைவ். பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு ஏறி, தேவைப்படும் நேரத்தில் அப்பாவுக்கு உதவ முடியாமல் போனால் என்ன செய்வது என்று அம்பாங்கிலேயே முடிவு செய்திருந்தேன்.

கிராமங்கள் முடிந்து காடு தொடங்கியதும் குளிர்ச்சி. இருபக்கமும் மூங்கில், எங்கோ கீழே ஆற்றுச் சத்தம். சாலை ஒரேயடியாகச் செங்குத்தாக ஏறாது, ஆனால் விடாது. ஒரு வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. 104, 108, 111, 109. அப்பா பாட்டுக்கு ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார். முணுமுணுக்க மூச்சு இருக்கிறதே என்று எனக்கு நிம்மதி.

பந்தயச் சைக்கிளில் இளைஞர் கூட்டம் ஒன்று எங்களைத் தாண்டியது. அதில் ஒரு மலாய்ப் பையன் சிரித்துக்கொண்டே, "அங்கிள், பாக்காய் பேத்ரி கா?" என்றான்.

அப்பா நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "ஜந்தோங் பூன் பாக்காய் ஸ்பிரிங்!"

அவனுக்குப் புரிய ஒரு வளைவு ஆனது. மேலே இருந்து ஒரு பெரிய சிரிப்பும், "ஹெபாட், அங்கிள்!" என்ற சத்தமும் வந்தது.

உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அறுந்தது. ஆம், செயின். அப்பா கியரை மாற்றும்போது காலை விட மறந்துவிட்டார். மிட் டிரைவின் அத்தனை கெட்டிக்காரத்தனமும் சாலையில் பாம்பு மாதிரிக் கிடந்தது. எனக்கு அம்பாங் ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. போனில் சிக்னலும் இல்லை.

அப்பா உடனே இறங்கினார். இந்த முறை ஒரு மிதிகூட மிதிக்கவில்லை. பைக்குள் கை விட்டு, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். செயின் கண்ணி, இணைக்கும் கிளிப், கண்ணி கழற்றும் கருவி, பழைய பனியன் துணி. தவுக்கேயிடம் எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. சாலையோரப் புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சேதமான கண்ணியை நீக்கிப் புதியதைக் கோத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அம்மாகிட்ட இதைச் சொல்ல வேணாம்" என்றார். துடிப்பு 84.

மேலே சிலாங்கூர் முடிந்து நெகிரி செம்பிலான் தொடங்கும் பலகை. அந்த இளைஞர் கூட்டம் அங்கே உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் கைதட்டினார்கள். அப்பாவுக்கு ஒரு பழம் கொடுத்தார்கள். அவர் அதைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு, சாலை மறுபக்கம் இறங்கிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படியே இறங்கினா தித்தி. டுரியான் சீசன்கூட வந்திருச்சு."

"இறங்கினா திரும்ப ஏறணும்பா. கார் அந்தப் பக்கம் நிக்குது."

"பேட்டரி எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு கோடு."

"நீதான் கணக்குக்காரியாச்சே, போட்டுப் பாரு."

போட்டேன். 100 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, சூடாகப் போவதையெல்லாம் சேர்க்காமலே, 27 வாட்-மணி. எங்கள் பேட்டரி முழுதாக இருந்தால் 360. அதில் இரண்டு கோடு என்றால் 140-க்கும் கொஞ்சம் அதிகம். கடைசிக் கோட்டை எப்போதும் நம்பக் கூடாது. மேட்டின் உயரம், அப்பாவின் பங்கு, என் பயம் எல்லாவற்றையும் போனிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

"போதாது" என்றேன்.

அப்பா வாழைப்பழத்தை உரித்தார். "சரி. அடுத்த தடவை சார்ஜரைப் பையில எடுத்து வை. தித்தியில கடைக்காரன்கிட்ட கேட்டா பிளக் குடுக்காமலா போவான்?"